மஞ்சுளா எண்ணெய்

எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் ஏதோ விமானப் பைத்தியம் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் கோழிக்கு ஊசி போடுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி வரைக்கும் பண்ணை பண்ணையாக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். கோழிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் தெரியாது. என்ன பிடிக்காது என்று நன்றாகவே தெரியும். இடி பிடிக்காது, பட்டாசு பிடிக்காது, தலைக்கு மேலே நகர்கிற நிழல் பிடிக்கவே பிடிக்காது. பயந்த கோழி ஓடில்லாத தோல்முட்டை போடும். அப்படியிருக்க, நாலாயிரம் கோழி வளர்க்கிற வீட்டில் ஒரு மனுஷன் சண்டை விமானம் செய்தால் அவனை என்னவென்று சொல்வது?

அந்த மனுஷன் பிரபாகர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எழுத்து பெயிண்டர். லாரியின் நெற்றியில் குலசாமி பேரையும் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்பதையும் அளவுகோல் வைக்காமல் எழுதுவான், நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். அவன் மனைவி மஞ்சுளா வீட்டுக்குப் பின்னால் கோழிப்பண்ணையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். ஒரே மகள் தனப்பிரியா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், அஸ்தம்பட்டியில் ஹாஸ்டல்.

போனில் ஏதோ வீடியோ பார்த்து ஆரம்பித்தது இந்தக் கிறுக்கு. முட்டை அடுக்கி வைக்கிற அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்தான். பால்சா என்று ஒரு மரம், கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதைச் சீவி, ஒட்டி, மேலே இஸ்திரிப் பெட்டியால் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, உலகப் போரில் பறந்த ஹரிகேன் என்கிற விமானத்தை ஐந்தடி ரெக்கையோடு செய்துவிட்டான். பச்சையும் காவியுமாகப் போர் வண்ணம் அடித்தான். மூக்கில் மட்டும், வெள்ளைக்காரன் ஏதேதோ படம் போடுவானாம், இவன் ஒரு வெடக்கோழி, இன்னும் முட்டைக்கு வராத இளங்கோழி, வரைந்தான். கண்ணெல்லாம் உருட்டிக்கொண்டு நிற்கும் கோழி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எஞ்சின் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். பெட்ரோல் இல்லை, பொறி கிடையாது. உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருள். பேட்டரி வைத்தால் அது பழுக்கும், விசிறியைச் சுண்டிவிட்டால் எஞ்சின் பற்றிக்கொள்ளும், அப்புறம் பேட்டரியை எடுத்துவிட்டாலும் தன் சூட்டிலேயே பழுத்தபடி ஓடும். அதற்குக் குடிக்கக் கொடுப்பது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த கலவை. எங்கள் பக்கம் விளக்கெண்ணெயைக் கொட்டமுத்து எண்ணெய் என்போம். அங்கேதான் மஞ்சுளா உள்ளே வந்தாள்.

"கடையில எதுக்குங் வாங்கறது? வரப்பு பூரா கொட்டமுத்துதான் நிக்குது. நான் காச்சித் தாரேன்" என்றாள். காயைப் பறித்து, வெயிலில் வெடிக்கவிட்டு, வறுத்து, இடித்து, மொடாவில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கிற எண்ணெயை அகப்பையால் வழித்து எடுத்தாள். அதுவரைக்கும் அந்த அறையைப் பார்த்தாலே திட்டுகிறவள், அதற்கப்புறம் ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். முட்டை லாரிக்காரனிடம்கூட, "எங்கூட்டு எண்ணெயிலதான் ஏரோப்ளேன் ஓடுது தெரியுமா?" என்று பெருமை பேசினாள்.

ஓடியது என்பது கொஞ்சம் அதிகம். இரண்டு தடவை வறண்ட ஏரிக்குள் பறக்கவிட்டான். இரண்டு தடவையும் இரண்டாவது நிமிஷம் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. விமானம் சீமைக்கருவேல முள்ளில் போய் விழுந்தது. மறுபடி ஒட்டினான்.

மூன்றாவது தடவை வைகாசி கடைசி ஞாயிறு. எஞ்சின் ஓடும்போது யாராவது வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விமானம் எதிரே இருப்பவன் மேலேயே ஏறிவிடும். அந்த உத்தியோகம் எனக்கு. வெயில் ஏறிவிட்டது. எஞ்சின் பற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. எண்ணெய் போவதைக் கூட்டிக் குறைக்கிற ஊசித் திருகை இப்படித் திருகுகிறான், அப்படித் திருகுகிறான், வெறும் விரலால் விசிறியைச் சுண்டுகிறான். நாற்பது தடவையாவது இருக்கும்.

"போதும் தம்பி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

"இன்னும் ஒருக்கா மதியண்ணா" என்றான். அந்த ஒருக்காவில்தான் எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்துப் பற்றிக்கொண்டது. வலது கை ஆள்காட்டி விரலின் நரம்பை விசிறி அறுத்துவிட்டது. என் சட்டை முன்பக்கம் முழுவதும் ரத்தம். வாலை விட்டுவிடக் கூடாது என்று நான் பிடித்துக்கொண்டே நின்றேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

நாமக்கல்லில் தைத்தார்கள். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். "தையல் பிரிச்சதும் தினமும் விரலை மடக்கிப் பழகணும். வலிக்குதுன்னு விட்டா இப்படியே விறைச்சு நின்னுடும். அப்புறம் பிரஷ் புடிக்கறதை மறந்துட வேண்டியதுதான்." அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சுளா வாசலிலேயே நின்று சொன்னாள். "இனி அந்தக் கெரகத்தோட சத்தம் இந்த ஊட்டுல கேக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்." அவன் உள்ளே போனான். விமானத்தை அறைக் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். அதோடு வாயையும் கட்டிப்போட்டுக்கொண்டான்.

ஆடி பிறந்தது. காற்றென்றால் அப்படியொரு காற்று, பண்ணையின் சாக்குப் படுதாக்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. புதிதாக வந்த வெடக்கோழிகளுக்கு ஊசி போடப் போயிருந்தேன். மஞ்சுளா ஒவ்வொன்றாகக் கூண்டிலிருந்து எடுத்து, ரெக்கையைச் சேர்த்துப் பிடித்துக் காட்டுவாள், நான் நெஞ்சுக்கறியில் குத்துவேன். கை வேலை செய்ய வாய் பேசும். அன்றைக்கு நூறு கோழி தாண்டியும் அவள் பேசவில்லை.

"என்ன அம்மிணி, ஊடே ஊமையாகிப் போச்சா?" என்றேன்.

"எங்க ஊட்டு ஊமையைப் பாத்துத்தானுங்ணா வந்திருப்பீங்க. காலையில பட்டறைக்குப் போறாரு. அங்க எடது கையில லாரித் தகரத்துக்கு உப்புத்தாளுப் போட்டுத் தேய்க்கறாராமா. எழுதற மனுசன் உப்புத்தாளு தேய்க்கறாரு. சாயங்காலம் வாராரு, சோறு போட்டா திங்கறாரு. உப்பில்லைன்னா உப்பில்லைன்னு சொல்லக்கூட மாட்டேங்கறாரு. நேத்தைக்கு ரசத்துல உப்பே போடாம வெச்சுப் பாத்தேன்."

"என்ன சொன்னான்?"

"ரண்டு தரம் ஊத்திக் குடிச்சாருங்ணா." அடுத்த கோழியை நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பந்து டிவி மேல அப்படியே குந்தியிருக்குது. மடக்குங்க மாமான்னா, மடக்கி என்ன ஆகோணும்ங்கறாரு. புள்ள போன் பண்ணுனா, அப்பா விரலை மடக்கறாரான்னு கேக்கறா. நான் மடக்கறாருன்னு பொய் சொல்லிப்போட்டு இருக்கறேன்."

"எல்லாம் சரியாப் போயிரும் அம்மிணி."

"எப்படிங்ணா போகும்? இன்னும் ஒரு மாசம் இப்படியே இருந்தா விரல் அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டீங்கல்ல?" அடுத்த கோழியின் ரெக்கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணு கேக்கறேன். அந்த எஞ்சினு ஏனுங்ணா நின்னு நின்னு போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான் வாலைப் புடிக்கறவன்."

"ராத்திரியெல்லாம் அதையேதான் ரோசனை பண்ணிட்டுக் கெடக்கறேன். வெட்டுனது ஒருக்காத்தான். ஆனா நாப்பது தரம் விரலைக் குடுத்திருக்காரு. மொத தரமே ஓடியிருந்தா வெட்டியிருக்காதில்லைங்களா? அப்ப தப்பு எங்க இருக்குது?"

கோழிக்கு ஊசி போடுகிற எனக்கு இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி யோசிக்கத் தோன்றியதில்லை. ஊசி முடிந்து கை கழுவி, கம்மஞ்சோறும் மோரும் கொள்ளுப்பருப்பும் சாப்பிட்டோம். உடனே அவள் என்னை முட்டை அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டூல் மேல் ஏறி விமானத்தை இறக்கினோம். வயிற்றுப்பக்கம் நாலு திருகைக் கழற்றினால் எண்ணெய் டப்பா வந்தது, சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஒரு மெல்லிய குழாய், நுனியில் சல்லடை.

சல்லடையைச் சுற்றிக் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. ஜலதோஷக்காரன் மூக்குச் சளி மாதிரி. விரலில் தொட்டு இழுத்தால் நூலாக நீண்டது. மஞ்சுளா அதை மோந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன அம்மிணி?"

"வெந்தயமுங்ணா."

"வெந்தயமா? எஞ்சினுக்குள்ள எப்படி வெந்தயம் போகும்?"

"நான்தான் போட்டேன்." அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எஞ்சின் ரொம்பச் சூடாகுது, சூடாகுதுன்னு அவரு சொல்லிட்டே இருந்தாரு. கொட்டமுத்து எண்ணெய் குளிர்ச்சிதான். இருந்தாலும் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கட்டும்னு, காச்சறப்ப ரண்டு கைப்பிடி வெந்தயம் போட்டுக் கொதிக்க வெச்சனுங்ணா."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. எஞ்சின் சூட்டுக்கு வெந்தயம் போடுகிற புத்தி உலகத்தில் வேறு எந்த ஊரில் இருக்கும் என்று நினைத்துத்தான் சிரித்தேன். ஆனால் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்ற கையாலயே அவரு விரலை வெட்டிப்போட்டனுங்ணா."

"அட, சும்மா இரு. தெரிஞ்சா செஞ்சே? மொதல்ல இதைத் துடைப்போம், துணி எங்க?"

துணிக்காக அவனுடைய பெயிண்ட் பெட்டியைத் திறந்தாள். பிரஷ்களுக்கு அடியில், பழைய லுங்கியில் சுற்றி ஒரு டின் இருந்தது. சுத்திகரித்த ஆமணக்கு எண்ணெய், சேலத்துக் கடையின் ஸ்டிக்கரோடு. மூடியின் சீல்கூட உடைக்கவில்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து மகளுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாமி, அப்பா சேலத்துல எண்ணெய் டின்னு ஏதாச்சும் வாங்குனாரா?"

"அதெப்படி உனக்குத் தெரியும்? சித்திரையில என்னைப் பாக்க வந்தப்ப வாங்குனாரும்மா. அம்மாகிட்டச் சொல்லாதே கண்ணுன்னாரு. ஏம்மா, அப்பா விரல் மடங்குதா?"

"மடங்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். இந்தத் தடவை அவள் பொய் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பிரபாகர் வருகிற நேரம் ஆகிவிட்டது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவே உட்கார்ந்திருப்பது அநாகரிகம்தான், ஆனாலும் கால் நகரவில்லை. அவன் உள்ளே வந்தான், டின்னையும் அந்தக் கொழகொழத்த சல்லடையையும் மேஜைமேல் பார்த்தான், அப்படியே நின்றான். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னுங்க?" என்றாள் மஞ்சுளா.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனான்.

"இன்னைக்கு வாயைத் தொறக்காம சோறில்லை. மதியண்ணன் சாட்சி. இது என்னுங்க?"

"எண்ணெய்."

"சித்திரையில வாங்குனது. விரல் வெட்டுப்பட்டது வைகாசியில. ஏன் ஒடைக்கலை?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"வெந்தயத்தை நான் பங்குனியிலயே பாத்துட்டேன் மஞ்சு" என்றான். ஒன்றரை மாதமாகப் பேசாத தொண்டை, கரகரவென்று இருந்தது. "ஒவ்வொரு தரமும் சல்லடையைக் கழட்டிக் கழுவித்தான் மாட்டுவேன். ரண்டு நிமிசம் ஓடும், மறுபடி அடைச்சுக்கும்."

"பாத்துட்டு, ஏன் என்கிட்டச் சொல்லலை? நான் என்ன கடிச்சா திங்கறேன்?"

"எப்படிச் சொல்றது? ஒண்ணரை வருசம் இந்த ரூம்புல நான் ஒருத்தன்தான் குந்தியிருந்தேன். நீ எட்டிப் பாத்தா திட்டறதுக்குத்தான் பாப்பே. எண்ணெய் காச்ச ஆரம்பிச்சப்பறம்தான் ஸ்டூலைப் போட்டு உக்காந்தே. ரெக்கைக்கு என்ன கலருன்னு கேட்டே. அந்தக் கோழியை வரையச் சொன்னதே நீதான். முட்டை லாரிக்காரன்கிட்ட எங்கூட்டு எண்ணெய்னு சொன்னியே, அதை நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். டின்னை வாங்கிட்டு வந்து, ஒடைக்க மனசு வரலை. உன்ற எண்ணெய் வேண்டாம்னா நீ மறுபடி எந்திரிச்சுப் போயிருவீன்னு பயமா இருந்துச்சு."

மஞ்சுளா துணியை எடுத்து அவன் தோளில் ஓங்கி அடித்தாள். ஒரு அடி இல்லை, நாலைந்து அடி.

"அதுக்குன்னு விரலைக் குடுப்பீங்களா? கிறுக்குப் புடிச்ச மனுசா! எண்ணெய் போனா மறுபடி காச்சுவேன். விரல் போனா காச்ச முடியுமா? நான் எந்திரிச்சு எங்க போயிருவேன்? கோழிக்குத் தண்ணி காட்டப் போவேன், மறுபடி இங்கதான வருவேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. நான் ஐஸ் பெட்டியைத் திறந்து காலி மருந்துக் குப்பிகளை எண்ணுகிற மாதிரி பாவனை செய்தேன். எனக்கும் கண் கரித்தது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

அவள்தான் முதலில் முகத்தைத் துடைத்தாள். "ஞாயித்துக்கெழமை ஏரிக்குப் போறோம்."

"இந்த விரலை வெச்சுட்டு ரிமோட்டைப் புடிக்க முடியாது."

"முடியும். அஞ்சு நாள் இருக்குது. எஞ்சினை நீங்கதான் கழட்டறீங்க, வலது கையில. சுண்டறது மட்டும் குச்சியில, விரலு கிட்டப் போனா நானே விமானத்தை அடுப்புல வெச்சிருவேன். அப்பறம், மதியண்ணா கோவிச்சுக்காதீங்க, வாலை நான் புடிச்சுக்கறேன்."

வேலை போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

வியாழக்கிழமை அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். எஞ்சின் அக்கு அக்காகக் கழன்று மெத்தனால் கிண்ணத்தில் கிடந்தது. அதன் திருகுகள் அரிசி அளவு. இடது கையால் எடுத்தால் நழுவுகின்றன. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் நிற்கும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரலை மடக்கினான். நெற்றியில் வேர்வை. திருகு விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். அவன் வாயிலிருந்து கெட்ட வார்த்தை கேட்டு எத்தனை நாளாயிற்று! எதிரே ஸ்டூலில் மஞ்சுளா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் திருகைப் பொறுக்கி மறுபடி அவன் கையில் வைத்தாள்.

ஞாயிறு காலை ஆறு மணி, காற்று இன்னும் எழும்பவில்லை. கொல்லிமலை துடைத்து வைத்த மாதிரி தெரிந்தது. ஏரியில் மூன்று பேரும் ஒரு சண்டை விமானமும். மஞ்சுளா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் மண்டியிட்டு, வெடக்கோழியைப் பிடிக்கிற அதே பிடியில் வாலைப் பிடித்தாள். கடை எண்ணெய் கலந்து ஊற்றினான். வேப்பங்குச்சிக்கு ரப்பர் குழாய் மாட்டி விசிறியைச் சுண்டினான். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை ஒரு செருமல். மூன்றாவது தடவை பற்றிக்கொண்டது.

சத்தம் காதைக் கிழித்தது. வெள்ளைப் புகையும் விளக்கெண்ணெய் வாசமும் மஞ்சுளா முகத்தில் அடித்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாளே தவிர வாலை விடவில்லை. பிரபாகர் ரிமோட்டைக் கையில் எடுத்துத் தலையசைத்தான். அவள் விட்டாள். மண்ணில் தடதடவென்று ஓடி, வெடக்கோழி மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம். ஒன்றரை. ஹரிகேன் மலைப்பக்கம் போய்த் திரும்பி எங்கள் தலைமேல் நிழலோடு கடந்தது. இரண்டு நிமிஷம். இதோ இருமும், இதோ நிற்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டேகால். மூன்று. சத்தம் பிசிறவே இல்லை.

"அம்மிணி, பாரு பாரு, மூணு நிமிசம் தாண்டிருச்சு!" என்று கத்தினேன்.

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிமோட்டின் குச்சியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடித்திருந்தன. விமானம் திரும்பும்போதெல்லாம் அந்த விரல் மடங்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. வலிக்கிறது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவன் அதை நினைக்கிற நிலைமையில் இல்லை.

ஏழு நிமிஷம் பறந்தது. இறங்கும்போது ஒரு மண்கட்டியில் தட்டிக் குதித்து, மூக்கு குத்தி, விசிறி நுனி ஒடிந்தது. அவ்வளவுதான் சேதம். மூன்று பேரும் ஓடினோம், நான்தான் கடைசி. விமானத்தின் வயிறு முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. மஞ்சுளா முந்தானையாலேயே துடைத்தாள்.

"நல்லாத்தான் ஓடுது, கடை எண்ணெயில" என்றாள். சந்தோஷம்தான், ஆனால் குரலில் ஒரு முள் இருந்தது.

பிரபாகர் அவளைப் பார்த்தான். "கொட்டமுத்து இன்னும் இருக்குதா?"

"ரண்டு படி இருக்கும். ஏன்?"

"காச்சு. தண்ணிச் சடசடப்பு முழுசா அடங்கற வரைக்கும் காச்சி, ஒரு வாரம் தெளிய வெச்சு, வேட்டித்துணியில வடிகட்டு. ஓடுதான்னு பாப்பம்." ஒடிந்த விசிறி நுனியைத் தடவிக்கொண்டே சொன்னான். "வெந்தயத்தை மட்டும் தோசைக்குப் போட்டுக்கலாம்."

அவள் சிரித்த சிரிப்பில் ஏரிக்கரை மைனாக்கள் பறந்தன. அவனும் சிரித்தான். "பசிக்குது மஞ்சு" என்றான். "அப்பறம், அன்னைக்கு அந்த ரசத்துல உப்பே இல்லை."

இரண்டு வாரம் கழித்து மறு ஊசிக்குப் போனேன். வாசலில் எண்ணெய் மொடா கழுவிக் கவிழ்த்திருந்தது. உள்ளே முட்டை அறையில் பிரபாகர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மஞ்சுளா ஸ்டூலில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பேசாதீர்கள் என்று கை காட்டினாள்.

அவன் முன்னால் காலியான அந்தக் கடை டின் இருந்தது. ஸ்டிக்கரைச் சுரண்டி மஞ்சள் பூசியிருந்தான். அதன்மேல் சிவப்பில், லாரி நெற்றிக்கு எழுதுகிற அதே கட்டை எழுத்தில், வலது கையால் எழுதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் நிறுத்தி விரலை மடக்கி நீட்டிக்கொண்டான். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுத் தள்ளிவைத்துப் பார்த்தான். 'மஞ்சுளா எண்ணெய்'.

நூல் பிடித்த மாதிரி இல்லை. இரண்டாவது எழுத்து ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

"சே, கோணிப் போச்சு" என்று மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தான்.

மஞ்சுளா அந்தத் துணியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். "கை வெச்சீங்கன்னா தெரியும்" என்றாள்.